ஏழாம் எண்ணுக்கான தனித்தாள்

1.

காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கிறான். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைக்கிறான். பல் தேய்க்கிறான், முகம் மழிக்கிறான், சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். நேற்றைய மிச்சத்தைச் சூடாக்கி நின்றபடியே சாப்பிடுகிறான். ஏழே முக்காலுக்குக் கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறான். குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போடுவது வேலை. முப்பத்திரண்டு வயது. மனைவி இறந்து பதினோரு மாதம்.

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு புகார்ப் படிவத்தின் ஏழாம் எண்ணில் தொடங்கியது. 'நடந்ததை உங்கள் சொற்களில் எழுதவும். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும்.' இடம் போதவில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தத் தனித்தாள்.

(அவன் என்பது நான்தான். 'நான்' என்று எழுதினால் என் பக்கம் நியாயம் தானாகக் கூடிவிடுகிறது. 'அவன்' என்றால் கொஞ்சம் சந்தேகப்பட முடிகிறது.)

2.

படிவத்தைப் பற்றிச் சொல்ல வாரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் சாப்பாட்டு நேரத்தில் இதையே சொன்னபோது அவனும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தான்.

பதிவு பெற்ற செவிலியர்களுக்கென்று மாநிலத்தில் ஒரு வாரியம் இருந்தது. படித்து முடித்தவர்களைப் பதிவேட்டில் சேர்ப்பது, பதிவைப் புதுப்பிப்பது, யார் மேலாவது புகார் வந்தால் விசாரிப்பது, இதுதான் அதன் வேலை. அதை உண்டாக்கிய சட்டத்துக்குக் காலக்கெடு வைத்திருந்தார்கள். நீட்டிக்க வேண்டிய நாளில் சட்டசபையில் வேறு ஏதோ சண்டை. ஒரு செவ்வாய்க்கிழமை வாரியம் காலாவதியானது. அறையைப் பூட்டினார்கள். படித்து முடித்த பெண்கள் பதிவு எண் இல்லாமல் உதவியாளர் சம்பளத்துக்குப் போனார்கள். வெளிநாட்டு வேலை கிடைத்தவர்களுக்குச் சான்று கொடுக்க ஆளில்லை. யார் என்ன தப்புச் செய்தாலும் கேட்க ஒரு மேசை இல்லை.

அவன் மனைவி செவிலி. வாரியத்தை மறுபடியும் கொண்டுவர வேண்டும் என்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினாள். மூன்று வருடம், ஞாயிற்றுக்கிழமை தோறும். கூட ஒருவன் போனான்.

3.

அந்த ஒருவனை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் வரைவில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'அவனுக்குச் சிரிக்கும்போது பல் தெரியாது, ஆனால் கண்ணில் மட்டும் ஒரு –'

(விட்டுவிட்டேன். கண்ணில் ஒன்றும் இல்லை. தடித்த கண்ணாடி போட்டிருப்பான்.)

அவள் கைபேசியில் அவன் பெயர் 'நெட்டை'. இங்கேயும் அதுவே இருக்கட்டும். ஆறடி இரண்டு அங்குலம். செவிலியர் கல்லூரியில் அவளோடு படித்தவன், அவளுடைய வார்டிலேயே வேலை பார்த்தவன். கல்யாணமானவன், இரண்டு பெண் குழந்தைகள். சந்தேகப்பட ஒன்றும் இல்லை. கணவன் சந்தேகப்படவும் இல்லை. பொறாமைப்பட்டான். இரண்டும் வேறு. சந்தேகம் என்றால் ஒருநாள் தீர்ந்துபோகும்.

அவள் கணவனை 'என்னங்க' என்பாள். நெட்டையை 'டேய்' என்பாள். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் அவளும் நெட்டையும் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவன் டீ போட்டுக்கொண்டு வந்தான்.

"'பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்'னு எழுதாதடா. மூணு வருஷமா பணிவாத்தானே கேட்டுட்டு இருக்கோம்."

"வேற எப்படி, மொறைச்சுக்கிட்டே கேட்டுக்கொள்கிறோம்னா?"

அவள் சிரித்தாள். தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பது கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து, கையில் டீத் தட்டோடு நின்றபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் தட்டை வைத்துவிட்டு மனுவை எட்டிப் பார்த்தான். இரண்டாம் பத்தியில் ஒரு எழுத்துப்பிழை. அவன் முதுகலை படித்தவன், கண்ணில் பட்டுவிட்டது. சொல்லவில்லை. அந்தப் பிழையோடேயே நாலாயிரத்துச் சொச்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள்.*

* இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

4.

இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

அவளுக்கு வயிற்றில் சின்ன அறுவைச் சிகிச்சை. அவள் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே. மூன்றாம் நாள், நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் ஓர் இரும்பு பெஞ்சு. இரண்டு நாளாக அவன் அதில்தான் கண்விழித்து உட்கார்ந்திருந்தான். அன்று மதியம் அவள், "சாப்பிட்டுட்டு வாங்க, கேன்டீன மூடிடப் போறான்" என்றாள். போனான். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தவன் தூங்கிவிட்டான். அவனை எழுப்பியபோது மணி நான்கு. அவள் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

காலில் உண்டான ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்துவிட்டது, யாரும் தடுத்திருக்க முடியாது என்றார் மருத்துவர். அவன் நம்பினான். இன்றும் நம்புகிறான். புகார் அதைப் பற்றியதில்லை.

அன்று பணியில் இருந்தது நெட்டை. பிற்பாடு கணவன் மருத்துவக் குறிப்பின் நகலை வாங்கிப் பார்த்தான். நெட்டையின் கையெழுத்து, குண்டு குண்டாக.

3.10. நோயாளி நலம். பேசினார்.
3.20. திடீர் மூச்சுத்திணறல். மருத்துவர் அழைக்கப்பட்டார்.
3.50.

மூன்று ஐம்பதுக்கு எதிரே இருப்பதை எழுத வேண்டியதில்லை.

'பேசினார்' என்ற ஒரு சொல்லை அவன் பதினோரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறான். என்ன பேசினாள் என்று இல்லை. பெஞ்சிலிருந்து கட்டிலுக்குப் பதினேழு அடி. பிறகொரு நாள் போய் டேப் வைத்து அளந்தான். அவள் பேச்சில் கடைசியாக அவனுக்குக் கிடைத்தது கேன்டீன். நெட்டைக்குக் கிடைத்தது எதுவோ.

என்னவாக இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன்:

'வாரியத்தை மட்டும் விட்டுடாதடா.' (சொல்லியிருக்கக்கூடும். ஆனால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது.)

'அவரைப் பாத்துக்கடா.' (இது நானே எனக்குக் கொடுத்துக்கொண்டது.)

'உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், இத்தனை நாளா –' (இதை எழுதிய அன்று சாப்பிடவில்லை.)

5.

இங்கே இரண்டு பக்கம் இருந்தது, எடுத்துவிட்டேன். வாரியம் திரும்ப வந்ததைப் பற்றியது. அவள் இறந்த எட்டாம் மாதம் சபையில் சட்டம் நிறைவேறியது. செத்துப்போன ஒரு வாரியத்தை அரை மணி நேரத்தில், கைதூக்கி எழுப்பிவிட்டார்கள். ஓர் அலுவலகத்தின் மேல் பொறாமைப்படுகிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதைத் தவிர மற்றதெல்லாம் புலம்பல்.

ஒரு செய்தி மட்டும் கதைக்கு வேண்டும். ஒன்பது உறுப்பினர்களில் ஒருவர் வார்டில் வேலை பார்க்கும் செவிலியராக இருக்க வேண்டும். அந்த இடம் அவளுக்குத்தான் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நெட்டையை நியமித்தார்கள். திங்கட்கிழமை பதவியேற்பு.

இன்னொன்றும் வேண்டும். வாரியம் இல்லாத காலத்தில் நடந்தவற்றுக்கு, அது மீண்டும் தொடங்கிய நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் புகார் தரலாம். புகார் நிலுவையில் உள்ளவர் உறுப்பினராக முடியாது.

தொண்ணூறாம் நாள் வெள்ளிக்கிழமை.

6.

அன்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனான். மாடியில் இரண்டு அறைகள். சுவரில் பெயின்ட் வாசம். பழைய பதிவேடுகளைச் சாக்கில் கட்டிக் கதவோரம் அடுக்கியிருந்தார்கள். மாடிப்படி முழுக்கப் பெண்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறை, உள்ளே சான்றிதழ். கவுன்டரில் இருந்த அம்மாள் முத்திரை குத்திக்கொண்டே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். நாலு வருஷம் பொறுத்தவங்களுக்கு நாலு நிமிஷம் பொறுக்க முடியலையா என்று கேட்டார். படிக்கட்டில் சிரிப்பு.

அவன் படிவத்தை நீட்டினான். எதிர்மனுதாரர் பெயரைப் பார்த்ததும் அவர் முத்திரையைக் கீழே வைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஏழாம் எண்ணைப் படித்தார். 'மூன்று இருபதுக்குப் பிறகும் நோயாளி பேசினார்; நெருங்கிய உறவினருக்கு வேண்டுமென்றே தகவல் தரவில்லை' என்று எழுதியிருந்தான்.

"வேணும்னே தரலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

அவர் அந்த வரியில் விரல் வைத்தார்.

"நீங்க பாத்தத மட்டும் எழுதுங்க. பாக்காதத எழுதினா விசாரணையில நிக்காது."

அவன் பார்த்தது என்று எதுவுமில்லை. தூங்கிக்கொண்டிருந்தான். அஞ்சு மணிக்கு மூடிடுவேன் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார் அந்த அம்மாள்.

வெளியே வராந்தாவில் நெட்டை நின்றிருந்தான். பதவியேற்புக்கு ஏதோ தாளில் கையெழுத்துப் போட வந்திருக்கிறான்.

(இது தற்செயல். கதையில் தற்செயல் கூடாது என்று தெரியும். இரண்டே அறை உள்ள அலுவலகத்தில் வேறு எங்கே நிற்பான்?)

நெட்டை அவன் கையிலிருந்த படிவத்தைக் கேட்டு வாங்கினான். கடைசிவரை படித்தான். முகம் மாறியிருந்தால் எழுதியிருப்பேன்.

"நேரம் தப்பாப் போட்டிருக்கீங்க" என்றான். "அவ பேசினது மூணு பத்துக்கு. மூணு இருபதுக்கு மேல பேசல. மாத்திடுங்க."

மற்றதையும் சொன்னான். மூன்று இருபதிலிருந்து மூன்று ஐம்பது வரை தன் இரண்டு கையும் அவள் நெஞ்சை அமுக்கிக்கொண்டேதான் இருந்தன, மாற்ற ஆள் வந்தும் விடவில்லை, பெஞ்சில் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே வரவில்லை. அது தப்புதான், எழுதிக் கொடுங்கள், கேட்டால் நானும் அதையேதான் சொல்லுவேன் என்றான். அந்த நாற்காலி போனால் போகட்டும் என்று அவன் சொல்லவில்லை. அது அவனுக்கு வேண்டும். முகத்தில் தெரிந்தது. அதனால்தான் அவன் சொன்னதைக் கணவன் நம்பினான்.

"மூணு பத்துக்கு என்ன சொன்னா?"

"அது வேணாமே."

"நீங்களே வச்சுக்கப் போறீங்களா?"

நெட்டை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். "பெரிசா ஒண்ணும் இல்ல. சாதாரணமாத்தான் சொன்னா. சொன்னா உங்களுக்கு வலிக்கும்னுதான் இத்தனை நாளாச் சொல்லல."

"வலிக்கப்போறது எனக்குத்தானே. சொல்லுங்க."

சொன்னான்.

7.

படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவன் வராந்தாவிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். நாலு ஐம்பது. முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) நேரத்தைத் திருத்தி, 'வேண்டுமென்றே' என்ற சொல்லை அடித்துவிட்டு, படிவத்தைக் கொடுக்கிறான். திங்கட்கிழமை ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. சட்டப்படி சரியான முடிவு. எழுதும்போது இதில்தான் எனக்குச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. அதனாலேயே இதை நம்பவில்லை.

(ஆ) படிவத்தைக் கிழிக்கிறான். நெட்டையின் தோளில் கை வைக்கிறான். உங்களில் பாதிப்பேர் இதைத்தான் எதிர்பார்க்கிறீர்கள். அவனுக்கு அந்தத் தோள் எட்டாது.

(இ) உட்கார்ந்தே இருக்கிறான். அந்த அம்மாள் கவுன்டரை மூடிவிட்டு, கிளம்புங்க சார் என்கிறார். கோழையின் முடிவு. எழுதச் சுலபமாக இருந்தது.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. சொன்னால் அவனை நல்லவன் என்றோ அற்பன் என்றோ வைத்துவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். பத்து நிமிடம் இருக்கிறது. பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்முன் நெட்டை சொன்னதைக் கேட்டுவிடுங்கள். மூன்று பத்துக்குக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கதவு வழியாகப் பெஞ்சைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொன்னாளாம். இந்தக் கதையில் நான் கைவைக்காத வரி இது ஒன்றுதான்.

"அவர எழுப்பிடாதடா. எழுந்தா கேள்வி மேல கேள்வியா கேப்பாரு. கொஞ்ச நேரம் தூங்கட்டும்."