அகலமான நாற்காலி

"கொறைச்சுச் சாப்பிடுன்னு சொன்னேன், கேக்கல. இப்ப வயித்தையே கொறைக்க வந்திருக்கோம்," என்று சொல்லி, சம்பந்தியாகப் போகிறவளின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள் பெண்ணின் அம்மா. அந்தம்மா சிரிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தால்தான் கல்யாணம் என்று நிபந்தனை போட்டவள் அவள்தான். ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மகனையும் கூட்டி வந்திருந்தாள். பெண் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

எடைக்குறைப்பு ஆபரேஷன் பிரிவுக்கு வருகிறவர்களை முதலில் பார்ப்பது ஒருங்கிணைப்பாளர். எல்லோருக்கும் அவள் 'அக்கா'. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவாள். உணவு ஆலோசகரிடமும் மனநல மருத்துவரிடமும் நேரம் வாங்கித் தருவாள். இனி ஆயுசுக்கும் கைப்பிடிச் சாப்பாடுதான் என்பதைப் பக்குவமாகச் சொல்லி வைப்பாள். அவள் சரி என்றால்தான் டாக்டர் தேதி குறிப்பார்.

அன்று கதவைத் திறந்தவள், நோயாளிகளுக்கென்று போட்டிருந்த ஒரே அகலமான நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "வாங்க தம்பி, எடை பாத்துடலாம்," என்றாள்.

"அவன் மாப்பிள்ளை," என்றாள் அவன் அம்மா. "ஆம்பளப் புள்ள எப்படி இருந்தா என்ன? ஆபரேஷன் அவளுக்கு."

மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது அங்கே விதி. பெண்ணின் பின்னால் வால்போல் உள்ளே வந்த அவள் அம்மாவை நயமாக வெளியே அனுப்பி, அக்கா கதவைச் சாத்தினாள்.

"இது உன் விருப்பமாம்மா?"

பெண் விழித்தாள். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்றுகூட வீட்டில் யாரும் அவளைக் கேட்டதில்லை.

"இல்லைன்னா என்ன செய்வீங்க?"

"தேதி வாங்கித் தர மாட்டேன். ஏன்னு யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப, இல்ல."

இப்போதைக்கு ஆபரேஷன் முடியாது என்று அக்கா வெளியே வந்து சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவன் நாற்காலியின் கைப்பிடிகளில் ஊன்றி, இரண்டாம் முயற்சியில் எழுந்து, மூச்சிரைக்கப் பின்னால் போனான். இவனை யாராவது இங்கே கூட்டி வர வேண்டுமே என்று அக்காவுக்குத் தோன்றியது. யார் கூட்டி வருவார்கள்?

பெண்ணின் அம்மா அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கேள்வி கேக்காத ஆஸ்பத்திரி ஏதாவது இருந்தா சொல்லுங்களேன். நல்ல சம்பந்தம், விட்டா கெடைக்காது."

அக்கா அடுத்த நோயாளியின் ஃபைலை எடுத்தாள். அம்மா மகளின் கையைப் பிடித்தாள். "வாடி, இன்னும் வாசல்லதான் இருப்பாங்க. போய்ப் பேசலாம்."

மகள் கையை விடுவித்துக்கொண்டாள். காலியாகக் கிடந்த அகலமான நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்து, கால்களை நீட்டிக்கொண்டாள்.

"நீ போம்மா. நின்னு நின்னு கால் வலிக்குது."