மேசைக்கு ஆரும் கொண்டு வரமாட்டினம்

பெண் பார்க்க வந்தவர்களை வீட்டுக்குக் கூப்பிடாமல், பியர் விற்கிற இடத்தில் வைத்துச் சந்தித்த தாய் ஒஸ்லோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது என் விருப்பமில்லை, லண்டன்காரரின் விருப்பம்.

"பொம்பிளை பாக்கிறது, தட்டத்தோடை வாறது எல்லாம் அந்தக் காலம், தங்கச்சி. நாங்கள் அப்பிடியான ஆக்கள் இல்லை. சும்மா வெளியிலை சந்திச்சு ஒரு சாப்பாடு சாப்பிடுவம்" என்று மாப்பிள்ளையின் தாய் உதயகுமாரி தொலைபேசியில் சொன்னபோது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. நல்ல சனம், காலத்தோடு ஓடுகிற சனம் என்று நினைத்தேன். எல்லிங்ஸ்ருட்டில் என் வீட்டுக் குளிர்பெட்டியில் அவர்களுக்கென்று வாங்கி வைத்த கணவாய் அப்படியே உறைந்து கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உதயகுமாரியின் மனுசன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ஹோட்டல் சாப்பாடு இரண்டு நாளிலேயே அலுத்துப்போய்விட்டதாம். நகரத்துக்குள் ஓர் இங்கிலீஷ் பப் இருப்பதாகக் கண்டுபிடித்து, சனிக்கிழமை மத்தியானம் அங்கே வரச்சொன்னார். ஒஸ்லோவுக்கு வந்து இங்கிலாந்தைத் தேடுகிற மனிதரை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

என் மகள் ஆரபி ரி-பானா ஓட்டுகிறவள். நகரம் முழுக்க நிலத்துக்குக் கீழேயும் மேலேயும் ஓடுகிற அந்த ரயிலின் முன்பெட்டியில் தனியாக இருந்து ஆயிரம் பேரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள். முப்பது வயது தாண்டிவிட்டது. "என்ன, றைவரோ?" என்று கேட்டுவிட்டுப் பிறகு தொலைபேசியே எடுக்காத வீடுகள் எத்தனையோ. லண்டன் பெடியன் ரிஷிகேசன் மட்டும் அப்படியில்லை. ஆறேழு மாதமாக இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து வந்து சமையலறையில் நின்றபடி அவள் தொலைபேசியில் சிரிக்கிற சத்தம் கேட்டு, படுக்கையில் கிடந்தபடியே பிள்ளையாருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அந்தச் சனிக்கிழமை ஒன்றும் பிழைத்துவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனையே இல்லை.

பப்புக்குள்ளே பகலிலும் இருட்டு. பதிந்த கூரை, கறுத்த மரம், சுவரெல்லாம் குதிரைப் படங்கள், கீழே சிவப்புக் கம்பளம். ஸ்ரீஸ்கந்தராசா காலால் அதைத் தேய்த்துப் பார்த்தார்.

"வலு சுத்தமாய்க் கிடக்கு. உண்மையான பப் எண்டாச் சிந்தின பியரிலை செருப்பு ஒட்டவேணும்" என்றார்.

என் மனுசன் பத்மநாதன் ஏதோ பெரிய உண்மையைக் கேட்டவர் போலத் தலையாட்டினார். அவர் அப்படித்தான். விருந்தாளி சொன்னால் சூரியன் மேற்கில் உதிக்கும்.

ஜன்னலோரம் பெரிய மேசையில் ஆறு பேரும் இருந்தோம். ஆரபி நீலச் சட்டை போட்டிருந்தாள், சேலை வேண்டாம் என்று நானே சொன்னேன். ரிஷிகேசன் அவளுக்கு முன்னால் இருந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு உடனே வேறெங்கோ பார்த்தார்கள். பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் மேசைக்கு ஒருவரும் வரவில்லை. என் மனுசன் பஸ்ஸை மறிக்கிறவர் மாதிரி இரண்டு தரம் கையை உயர்த்தினார். ஸ்ரீஸ்கந்தராசாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அண்ணை, இது பப். மேசைக்கு ஆரும் வரமாட்டினம். கவுண்டரிலை போய்ச் சொல்லவேணும். லண்டனிலை சாப்பாட்டையெண்டாலும் கொண்டுவந்து வைப்பினம். இஞ்சை மணி அடிக்க நாங்களே போய்த் தூக்கவேணுமாம், அங்கை எழுதிக் கிடக்கு."

அப்படியென்றால் யாராவது எழும்பவேண்டும். எல்லோரும் மெனு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு உதயகுமாரி ஆரபியைப் பார்த்து இனிப்பாகச் சிரித்தார்.

"பிள்ளை போய்ச் சொல்லி எடுத்துக்கொண்டு வரட்டுமன். நடையையும் பாத்த மாதிரி இருக்கும்."

பகிடியாகத்தான் சொன்னார். அவருடைய மனுசனும் சிரித்தார், பாவம், என் மனுசனும் சேர்ந்து சிரித்தார். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. தட்டமெல்லாம் அந்தக் காலம் என்று சொன்ன வாயா இது?

ரிஷிகேசன் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினான். "நான் போறன் அம்மா. ஆரபி இருக்கட்டும்."

"நீ இரு தம்பி" என்றார் தாய். குரல் உயரவில்லை. "அவ கொண்டு வரட்டும்."

அவன் இருந்தான்.

அவ்வளவுதான் நடந்தது. அரைவாசி எழும்பினவன் திரும்பவும் இருந்தான். ஆரபி அவன் எழும்பியதையும் பார்த்தாள், இருந்ததையும் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மூடிக்கொண்டது. பெற்றவளுக்கு அது தெரியும்.

"எனக்கு இறைச்சி வைச்சுச் சுட்ட பை ஒண்டு, பெரிய பியர் ஒண்டு" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. உதயகுமாரிக்கு மீன், உருளைக்கிழங்குப் பொரியல், ஐஸ் போடாத சோடா. தனக்கும் மீன்தான் என்றான் ரிஷிகேசன், மேசையைப் பார்த்துக்கொண்டு. என் மனுசன், தனக்கு ஒன்றும் அவசரமில்லை, முதலில் அவர்களுக்குப் பார் என்றார்.

ஆரபி எல்லாவற்றையும் கேட்டாள். "அம்மா, உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ சாப்பிடுறதையே எனக்கும் சொல்லு பிள்ளை."

அவள் போனாள். கவுண்டரில் நின்றவரிடம் நோர்வே மொழியில் ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பாமல் அங்கேயே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நல்ல நடைதான்" என்றார் உதயகுமாரி. பிறகு என் பக்கம் சரிந்து, "தங்கச்சி, இந்த ரயில் ஓட்டுற கதையை மட்டும் எங்கடை ஆக்களுக்குச் சொல்லாம விடுவம். போக்குவரத்து ஒஃபிசிலை வேலையெண்டாக் காணும். கலியாணத்துக்குப் பிறகு விடத்தானே போறா" என்றார்.

நான் ரிஷிகேசனைப் பார்த்தேன். சாரதிப் பெட்டிக்குள்ளிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லி அவளைக் கெஞ்சினவன் இவன்தான். என் மகளின் வேலை லண்டனில் இவனுக்குப் பெருமை, தாய்க்கு முன்னால் மட்டும் இல்லையாக்கும். அவன் மெனு அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தான். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அது கஷ்டம் அக்கா" என்றேன். "ஒஸ்லோவிலை அரைவாசித் தமிழ்ச்சனம் அவ ஓட்டுற ரயிலிலைதான் வேலைக்குப் போகுது. ஆரெட்டைப் போய் மறைக்கிறது? அவ விடவும் மாட்டா. விடச்சொல்லி நானும் சொல்லமாட்டன்."

மேசைக்குக் கீழே என் மனுசன் என் காலை மிதித்தார். நானும் திருப்பி மிதித்தேன்.

"கோவிக்காதேங்கோ. எங்கடை காலத்திலை நாங்களும் தட்டத்தோடை வந்து நிண்டனாங்கள்தானே. என்ன குறைஞ்சு போனம்?" என்றார் உதயகுமாரி.

நின்றது உண்மைதான். தட்டத்திலேயே தேத்தண்ணி சிந்தினது. என் மனுசனின் பெரியம்மா, நான் நொண்டுகிறேனோ என்று பார்ப்பதற்காகத் தண்ணீர் வேண்டுமென்று இரண்டாம் தரமும் கூப்பிட்டார். இவர் என்னைப் பார்க்கவேயில்லை, வடையைத்தான் பார்த்தார்.

"என்ன குறைஞ்சதெண்டு சொல்லட்டோ அக்கா?" என்று தொடங்கினேன். அதற்குள் மணி அடித்தது.

ஆரபி தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேராக, ஆடாமல், ஒரு அவசரமும் இல்லாமல் நடந்து வந்தாள். உதயகுமாரி சாப்பாட்டுக்கு இடம் விட்டுக் கைப்பையை மேசையிலிருந்து எடுத்தார்.

தட்டத்தில் இரண்டே இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகள் இருந்தன. பொரித்த மீன் வைத்த ஒரு கோப்பையை எனக்கு முன்னால் வைத்தாள். மற்றதைத் தனக்கு முன்னால் வைத்தாள். இரண்டு கிளாஸ் தண்ணீர். வெறும் தட்டத்தைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு இருந்தாள்.

"எங்கடை?" என்றார் உதயகுமாரி.

"கவுண்டரிலை போய்ச் சொல்லவேணும் அன்ரி. அங்கிள்தானே சொன்னவர்." குரலில் கோபம் துளியும் இல்லை. ஸ்டேசன் பெயர் அறிவிக்கிற மாதிரிச் சொன்னாள். "சாப்பிடுங்கோ அம்மா, ஆறப்போகுது."

ரிஷிகேசன் இப்போது முழுவதாக எழும்பி நின்றான். "ஆரபி, நான் வந்து..."

"நீங்கள் இருங்கோ, ரிஷி."

இவ்வளவு காலம் கும்பிட்டுக் கேட்ட சம்பந்தம் ஒரு கோப்பை மீனோடு போய்க்கொண்டிருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடவேண்டும் போல இருந்தது. முள்ளுக்கரண்டியை எடுத்து மீனைக் குத்தினேன்.

"அண்ணை, என்ன இது?" உதயகுமாரி என் மனுசனிடம் திரும்பினார். "வந்த ஆக்களுக்கு இதுதான் மரியாதையோ? நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டியளோ?"

இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். இந்த மனிதர் விருந்தாளி கைகழுவும்வரை தான் சாப்பிட இருக்கமாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தவன் திட்டிவிட்டுப் போனாலும் வாசல்வரை போய் வழியனுப்புவார். இப்போது எழும்பி, மன்னிப்புக் கேட்டு, மூன்று பேருக்கும் தானே ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் இந்தப் பிள்ளை தனித்துப்போகும்.

அவர் எழும்பினார். சட்டையை இழுத்துவிட்டார். ஆரபியின் கோப்பையைப் பார்த்தார்.

"மீன் நல்லாயிருக்கோ பிள்ளை?"

"ஓம் அப்பா."

"அப்ப நானும் எனக்கு ஒண்டு சொல்லிக்கொண்டு வாறன்."

சொல்லிவிட்டு அந்தச் சிவப்புக் கம்பளத்தில் நடந்து கவுண்டருக்குப் போனார். மணி அடித்தபோது ஒரே ஒரு கோப்பையோடு திரும்பி வந்தார். லண்டன்காரர் மூன்று பேரும் அதற்குள் ஜாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தன் பழைய கதிரையில் இருக்கவில்லை. சுற்றிவந்து ஆரபிக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்து, இருந்து, சாப்பிடத் தொடங்கினார்.

அப்போதுதான் அவள் அழுதாள். அழுதபடியே சாப்பிட்டாள். ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.