நைனா வேஷம்

சுந்தரி அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழும்மா. ஒரு தடவ வாய்விட்டு அழுதுடு."

ரத்தினம்மா அசையவில்லை. ராத்திரி நைனாவின் மூச்சு நின்றதிலிருந்து ஒரு சொல் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இப்படியே அடைத்துக்கொண்டால் இவளும் போய்விடுவாளோ என்று சுந்தரி பயந்தாள்.

ஆள் போய்ச் சொல்ல, அண்ணன் கோவர்த்தனன் திருப்பதி நாடகக் கொட்டகையிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தான். காதோரம் அரிதாரம்கூடப் போகவில்லை. அடேயப்பா, என்ன ஆள் அவன்! சீன் மாற்றும் நேரத்தில் படுதாவுக்கு முன்னால் ஒண்டியாக வந்து நிற்பான். எல்லைக்கோடு போட வந்த சர்வேயரையும், 'நீ ஆந்திராவா, மெட்ராஸா' என்று கேட்டால் முழிக்கிற நகரிச் சந்தைக்காரனையும் செய்து காட்டுவான். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பான். கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். நைனாவுக்கு மட்டும் ஒரு குறை.

"ஊர்ல அத்தினி பேரையும் செய்றான், என்ன மட்டும் உட்டுட்டான் பாரு" என்பார். மரியாதைக்குப் பயந்து அவரை மட்டும் அவன் செய்ததே இல்லை.

தெருமுனையில் பாடையை இறக்கினார்கள். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை.

"அண்ணி, கடைசியா மொகத்த பாத்துக்கோ" என்றார் சித்தப்பா கன்னையா. ரத்தினம்மா எங்கோ பார்த்தாள்.

சுந்தரி அண்ணனிடம் ஓடினாள். "நைனா கேட்டத இப்பயாச்சும் செய்ண்ணா. அம்மா பாக்கட்டும்."

"சாவுல இன்னாடி கூத்து?" சித்தப்பா சீறினார்.

கோவர்த்தனன் தான் ஏந்தியிருந்த கொள்ளிச்சட்டியை அவர் கையிலேயே கொடுத்தான். ஈரத் துண்டைத் தலையில் சுற்றி, இடது தோளை ஏற்றி, இரண்டு முறை கனைத்தான். அவ்வளவுதான், நைனா நின்றார். இல்லாத மாட்டைத் தெலுங்கில் அதட்டி ஓட்டினார்: "பதரா, பதா!" சித்தப்பாவைத் தமிழில் வைதார்: "இன்னாடா கன்னையா, ஏர் பூட்ற நேரத்துல சட்டி தூக்கினு நிக்கிற?"

பாடை தூக்கியவர்கள் சிரித்துவிட்டார்கள். சித்தப்பாவும்தான், சிரித்துக்கொண்டே அழுதார்.

நைனா பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏ ரத்தினம், கூழு ஆச்சா இல்லியா? வெய்யில் ஏறுதில்ல?"

"இதோ வந்துகினே கீறேன், கத்தாத" என்றாள் ரத்தினம்மா.

சொல்லிவிட்டு நடந்தும் வந்தாள். பாடை காலில் இடித்ததும் நின்று, குனிந்து பார்த்தாள்.

கோவர்த்தனன் தோளை இறக்காமல் அப்படியே நின்றான். அவள் அவன் தலைத்துண்டை மெல்ல அவிழ்த்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.