மாமன் முறைக் காளை

மாடத்தியை எம். புதுப்பட்டியில் கட்டிக் கொடுத்தபோது, பிறந்த வீட்டுச் சீராக ஒரு கறவைப் பசுவும் அதன் கிடாரிக் கன்றும் கூடவே வந்தன. அந்தப் பசுவோடு ஒரே வயிற்றில் பிறந்த காளையை அண்ணன் சோணைமுத்து பொலிகாளையாக வைத்துக்கொண்டான். கொம்பன் என்று பெயர். எடுப்பான காளை, அதில் குறை சொல்ல முடியாது. மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் மாடத்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து அண்ணன் ஊருக்குப் போய்விடுவாள். தாய் வீட்டுக் காளை இருக்க, அடுத்தவன் தொழுவத்தில் போய் நிற்பதாவது! அண்ணன் மூஞ்சியை எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வான்? போனால் மதினி கம்மங்கஞ்சி ஊற்றுவாள், வெங்காயம் உரித்து வைப்பாள், ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். உண்மையைச் சொன்னால் மாடத்திக்கு மாட்டைவிட அந்தக் கஞ்சிதான் பெரிசு.

சீர்க் கிடாரி வளர்ந்ததும் அதையும் கொம்பனிடமே கொண்டு போனாள். அக்கா மகளுக்குத் தாய்மாமன், இதைவிட உரிமையான சம்பந்தம் எங்கே கிடைக்கும் என்றான் சோணைமுத்து. களத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தார்களே ஒழிய, அதில் தப்பு இருப்பதாக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நின்றவர்களில் பாதிப் பேர் அக்கா மகளைக் கட்டியவர்கள்தானே.

முதலில் பிறந்த செவலைக் கிடாரி தேறிவிட்டது. அதற்குப் பிறகுதான் பிடித்தது சனியன். ஒரு கன்று பால் குடிக்கும் முன்னே செத்தது. ஒன்று முன்னங்கால் மடங்கிப் பிறந்து எழுந்திருக்கவே இல்லை. கடைசியாகப் பிறந்ததற்கு இரண்டு கண்ணும் வெள்ளை விழுந்திருந்தது. கண்ணேறு என்று வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள், மந்திரித்த கயிறு கட்டினார்கள். பாலும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது. மாடத்தியின் புருஷன் சீனிச்சாமிக்கு வேட்டுக் கம்பெனியில் வேலை. மழை பிடித்துக் கம்பெனி மூடினால், டீக்கடைக்கு ஊற்றும் பால்தான் அடுப்பை எரியவைக்கும்.

குருட்டுக் கன்றைப் பார்க்க வந்த சிவகாசி மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் நேசகுமார், தாய் யார், தகப்பன் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாக் கேள்விக்கும் கொம்பனே பதிலாக வந்தது. ஒரே ரத்தம் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் உள்ளே ஒளிந்திருக்கிற கோளாறெல்லாம் வெளியே வரும், செவலைக்காவது வெளி ரத்தம் வேண்டும், ஆஸ்பத்திரியில் சினை ஊசி போடுகிறோம் என்றார். மனுஷருக்கும் அப்படித்தானா என்று மாடத்தி கேட்டாள். மனுஷர் நல்ல விவரமானவர், சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

செவலை பருவத்துக்கு வருகிறவரை மாடத்திக்குச் சோறு இறங்கவில்லை. செவலைக்குக் கொம்பன் பெற்ற தகப்பன். அதைச் சொன்னால், மாட்டுக்கு ஏது முறை என்கிறான் அண்ணன். மாமன் என்றபோது இருந்த முறை, தகப்பன் என்றதும் எங்கே போனதோ! ஊசி போட்டால் அண்ணன் உறவு போகும், போடாவிட்டால் செவலையின் கன்றும் போகும். உன் அண்ணன், உன் மாடு, என்னை இழுக்காதே என்று சீனிச்சாமி ஒதுங்கிக்கொண்டான். செவலை கத்திய அன்று அவள் சிவகாசிக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

போனது தெரிந்ததும் அண்ணன் பேச்சை நிறுத்தினான். மாடத்தியின் மகள் சமைந்தபோது ஓலைக் குச்சில் கட்டவேண்டிய தாய்மாமன் வரவில்லை. ஒன்றுவிட்ட தம்பியைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஓலை கட்டவைத்தாள். சடங்கு முடியும்வரை அவள் கண் பாதையிலேயே கிடந்தது. வந்தவர்களுக்கு இலை போட்டுக்கொண்டே அழுதாள்.

செவலை ஈன்றது காளைக்கன்று. விழுந்த வேகத்தில் எழுந்து நின்று மடியை முட்டியது. இரண்டு வருஷத்தில் திமிலும் நெஞ்சுமாக, போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்க்கும்படி ஆனது. அந்தப் பக்கம் கொம்பன் கிழடு தட்டிச் செத்துப்போனது. அதற்குப் பிறந்த காளைக்கன்று ஒன்றும் தேறவில்லை.

அப்புறம் ஒருநாள் காலையில் சோணைமுத்து வாசலில் வந்து நின்றான். மாடத்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாயை விரித்தாள், பாலைக் காய்ச்சினாள். அவன் கன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"பழசையெல்லாம் விட்டுரு தாயி. அந்தக் கன்ன எனக்குக் குடு. கொம்பன் எடத்துல நிக்கட்டும்."

தாயி என்று கூப்பிட்டுவிட்டான். அந்த நிமிஷமே கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்துவிட அவளுக்கு அப்படி ஆசையாக இருந்தது. கொடுத்தால் அண்ணன் வீடு திரும்பக் கிடைக்கும். ஆனால் அவன் தொழுவத்தில் நிற்கிற அத்தனை பசுவும் கொம்பன் மக்கள். இந்தக் கன்றைப் பெற்ற செவலையும் கொம்பன் மகள்.

"ஒங்க மாடெல்லாம் இதுக்குச் சின்னாத்தா, பெரியாத்தா மொறைண்ணே. மறுபடியும் கண்ணவிஞ்ச கன்னுதான் பொறக்கும். வெளிய வேற காளை பாருங்க. இது வேணாம்."

"குடுக்க மனசில்லன்னு சொல்லு. மாட்டுக்கு மொறை பேசாத."

காய்ச்சிய பாலைத் தொடாமலே எழுந்து போனான்.

அவன் மாடு, அவன் பாடு, கொடுத்துத் தொலைத்திருக்கலாம் என்று சீனிச்சாமி சாயங்காலம் வரை புலம்பினான். தன்னைப் பற்றி மாடத்திக்குத் தெரியும். அண்ணன் இன்னொரு தரம் வந்து தாயி என்றால் கொடுத்துவிடுவாள்.

மறுநாள் காயடிக்கிற ராக்கப்பனை வரச் சொன்னாள். கன்றின் நாலு காலையும் கட்டிச் சாய்த்தார்கள். தலையை அவளே மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் கன்றின் நெற்றியில் சொட்டியது. ராக்கப்பனுக்கு மனசு வரவில்லை. விதை நசுக்கும் கிட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இப்படி ஒரு காளையைக் கெடுக்கிறாயே, யார் மேல் கோபம் என்று கேட்டான்.

"யார் மேலயும் இல்ல. எங்கண்ணன் தொழுவு நல்லா இருக்கணும். நீங்க இறுக்குங்க."