சிவப்புச் சேலையில் சுதேஷ்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தியாகராஜா முதலாளியின் சேலைக் கடையில் பொம்மையே கிடையாது. சுதேஷ் இருக்கப் பொம்மை எதற்கு? எந்தச் சேலையையும் தன் மேலேயே சுற்றி, கொசுவம் பிடித்து நிமிர்ந்து நிற்பான். மீசை இருந்தும் எடுப்பாகத்தான் இருக்கும். வந்தவர்கள் வெறுங்கையோடு போனதில்லை.

பக்கத்தில் நின்று மடிப்பவள் கஜனி. நாலு வருஷமாக மத்தியானச் சோற்றைப் பங்கு போடுகிறார்கள். அவன் முட்டை அவளுக்கு, அவள் சம்பல் அவனுக்கு. வெறும் சிநேகிதம் என்றே நம்பிக்கொண்டிருந்தான் அந்த மகா புத்திசாலி. பிலிமத்தலாவையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான் அது வெறும் சிநேகிதம் இல்லை என்று உறைத்தது.

இன்று கஜனி வேலைக்கு வரவில்லை, வாங்க வந்திருக்கிறாள். அம்மா வடிவம்மாவோடு, வாங்க வருகிறவர்கள் உட்காரும் கதிரையில் இருக்கிறாள். பெண் பார்க்கும் நாளுக்குச் சேலை வேண்டுமாம்.

சேலை அமையாவிட்டால் சம்பந்தமும் அமையாது என்று சுதேஷ் முடிவு கட்டினான். ஒவ்வொரு சேலையையும் சுற்றிக்கொண்டு கூனினான், வயிற்றைத் தள்ளினான், முழியைப் பிதுக்கினான். வடிவம்மாவுக்கோ எல்லாமே பிடித்தது. கஜனிதான் பதினேழு சேலைக்கும் "வேணாம்" என்றாள். அந்த மாப்பிள்ளைக்காகவா இத்தனை தேர்வு என்று அவன் பொருமினான்.

பதினெட்டாவது சிவப்பு. "இதுதான்! எடுங்க தம்பி," என்றார் வடிவம்மா.

"வேணாம்மா, சாயம் போகும்!" என்றான் சுதேஷ்.

முதலாளி பாய்ந்து வந்தார். "என்னடா சொன்ன? நம்ம கடைச் சேலை சாயம் போகுமா?"

"போகாது முதலாளி. இத வித்துட்டா கஜனி போயிருவாங்க. அவங்க இல்லாம எனக்கு முடியாது."

சொன்னவன் பொலபொலவென்று அழுது, முந்தானையாலேயே முகத்தைத் துடைத்தான். முதலாளி அந்த ஈர முந்தானையைப் பிடுங்கிக் கடை முழுக்கக் காட்டினார். "பாருங்க, சொட்டு சாயம் போகல!"

கஜனிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பதினேழு சேலைய வேணாங்கும்போதே வெளங்கலையா ஒங்களுக்கு?"

வடிவம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "வீட்டுல தெனமும் ஒங்க முட்டக் கததான். பிலிமத்தலாவைக்கு நான் சொல்லிக்கிறேன். சேலைய மடிச்சுக் குடுங்க தம்பி. ஞாயித்துக்கெழம நீங்க வாங்க."

வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"வரும்போது வேட்டி கட்டிக்கிட்டு வாங்க."