பிந்தி வந்த இடது கை

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கீரிப்பாறை ஞானையனின் மகள் ஜெஸ்பின் அயர்லாந்திலிருந்து வந்து இறங்கியபோது, அவளுடைய இடது கை அவளைவிட முக்கால் மணி நேரம் பிந்தித்தான் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்தது. அன்றைக்கு ரப்பர் ஷீட் விலை கொஞ்சம் ஏறியிருந்தது, ஏத்தன் பழம் இறங்கியிருந்தது, மலையில் சாரல் இருந்தது. கை விஷயம் சாயங்காலமே கீரிப்பாறைக்குத் தெரிந்துவிட்டது என்றாலும், கடையில் ரப்பர் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

ஜெஸ்பின் டப்ளினில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ரோமெல் என்ற பிலிப்பைன்ஸ்காரரை அவளுக்குப் பிடித்துப்போனது. அப்பாவிடம் சம்மதம் கேட்டு அவள் போன் பண்ணினாள். கீரிப்பாறையில் பஸ் நிற்கிற இடத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஞானையன், மாப்பிள்ளை ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யா என்றுகூடக் கேட்கவில்லை. எந்த ஊர் பாஸ்போர்ட் என்றுதான் கேட்டார். அவரும் வாலிபத்தில் சார்ஜாவில் கொஞ்ச காலம் இருந்தவர். ஏர்போர்ட்டில் தகப்பன் ஒரு லைனிலும் தாய் ஒரு லைனிலும் நிற்க, நடுவில் ஒரு சின்னப் பிள்ளை யாரிடம் போக என்று தெரியாமல் கதறினதை அங்கே ஒரு நாள் பார்த்துவிட்டார். அது அவருக்கு மனசை விட்டுப் போகவே இல்லை. "ஏர்போர்ட்டுல ஒரே லைன்ல நிக்க முடியாத குடும்பம் என்ன குடும்பம்ட்டி?" என்று போனை வைத்தார். வைத்தவர் வைத்தவர்தான், ஆறு வருஷம் எடுக்கவில்லை. பயத்தில் சொன்ன பேச்சு நாளாக நாளாக வீம்பாக இறுகிப்போனது. எல்லா வீட்டிலும் வீம்பு அப்படித்தான் உண்டாகிறது.

டப்ளினில் கல்யாணம் நடந்து, சிந்தியா பிறந்தாள். பிறந்த மண்ணுக்காரி என்று அவளுக்கு அயர்லாந்து பாஸ்போர்ட் கிடைத்தது. ஆக ஒரு சோற்றுப்பானைக்கு மூன்று தேசம். எந்த ஏர்போர்ட்டில் லைன் பிரிக்கிற போர்டைப் பார்த்தாலும் ஜெஸ்பினுக்கு அப்பாவின் குரல்தான் காதில் விழும். அந்தக் குரல் பொய் என்று அவருக்குக் காட்ட வேண்டும், முக்கியமாகத் தனக்கே காட்ட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மூன்று பேருமாக ஊருக்கு வருவதென்று முடிவானதும், அம்மா நேசம்மாள் இங்கே வேலையை ஆரம்பித்தாள். ஒரு வாரம் உப்பில்லாத குழம்பு வைத்தாள். எட்டாம் நாள் ஞானையன், ஏர்போர்ட்டுக்கு வேனில் கூட வருகிறேன், மகளையும் பேத்தியையும் பார்ப்பேன், அவனிடம் மட்டும் பேச மாட்டேன் என்று இறங்கி வந்தார். அன்று சாயங்காலக் குழம்பில் உப்பு இருந்தது.

விமானம் இறங்கி நடந்து வந்ததும் கூடத்தில் போர்டு தொங்கியது: இந்தியர் இந்தப் பக்கம், வெளிநாட்டவர் அந்தப் பக்கம். அன்றைக்கென்று பார்த்து, ஆயுர்வேத எண்ணெய்க் குளியலுக்கு வந்த வெள்ளைக்காரர் கூட்டம் ஒன்று அந்தப் பக்கத்தை அடைத்து நின்றது. பிள்ளையை யாராவது ஒருவர் கூட வைத்துக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்தவர்கள் நல்லபடியாகவே சொன்னார்கள். ஜெஸ்பின் தன் இடது கையால் ரோமெலின் கையை இறுக்கிப் பிடித்து, "விடப்பிடாது" என்றாள். அவருக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அவர் அவருடைய லைனுக்குப் போனார், இவள் இவளுடைய லைனுக்கு வந்தாள், கை நீண்டது. முதலில் ஒரு முழம், பிறகு ஒரு கமுகு மர நீளம், பிறகு கூடத்தின் அகலம். யாரும் சத்தம் போடவில்லை. துபாய் விமானத்தில் வந்தவர்கள் கைக்கு அடியில் குனிந்து போனார்கள். ஒருத்தர் தன் பையை அதன்மேல் மாட்டிவிட்டு நிதானமாகப் பேனா தேடினார். சிந்தியா அம்மாவிடம் கொஞ்ச நேரம், அப்பாவிடம் கொஞ்ச நேரம் என்று இருந்தாள். போக்கும் வரத்தும் அந்தக் கையில் தொங்கிக்கொண்டுதான். ஜெஸ்பினுக்கு வலி இல்லை. அவளுக்குப் பயம் வேறு. இதற்குமேல் நீளாமல், எங்காவது பிடி விட்டுப்போய், அப்பா சொன்னது பலித்துவிடுமோ என்றுதான்.

கவுண்டரில் இருந்தவர் சுயம்புலிங்கம், அகஸ்தீஸ்வரத்துக்காரர். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கை போகிற வழியைக் கடைசிவரை பார்த்தார். கையை விட்டுவிட்டு வரலாமே அம்மா என்றார். விடப்பிடாது சார், வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது என்றாள் ஜெஸ்பின். அவரும் பெண் கொடுத்து, பெண் எடுத்தவர். வீட்டு வழக்குக்கு முன்னால் ஹைகோர்ட்டே ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்கு இருந்தது ஒரே ஒரு சிக்கல்தான். ஆள் தேசத்துக்குள் வந்தாயிற்று, கை இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ஆள் நுழைவதற்கு விதி உண்டு, கை தனியாக நுழைவதற்கு இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று முழங்கைக்கு மேலே பைய ஒரு முத்திரை வைத்தார்.

முத்திரை வாங்கினவர்கள் அங்கே நிற்கக் கூடாது, நகர வேண்டும். ஜெஸ்பினும் சிந்தியாவும் நகர்ந்தார்கள். கையும் கூடவே படியில் இறங்கியது, பெட்டி வருகிற பெல்ட்டில் தெரியாமல் ஏறி ஒரு சுற்று சுற்றியது, தூண்களை வளைத்துக்கொண்டு வந்தது. கஸ்டம்ஸில் கையில் தங்கம் உண்டா என்று கேட்டார்கள். மோதிரம் ஒன்று உண்டு, அது இன்னும் மேலே இமிக்ரேஷனில் நிற்கிறது என்றாள். சரி போங்கள் என்றார்கள். வாசலில் கண்ணாடிக் கதவு மூட வந்தது, கையில் பட்டுத் திறந்தது, திரும்ப மூட வந்தது. கடைசியில் சலித்துப்போய்த் திறந்தே நின்றுவிட்டது.

வெளியே ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். நம்ம ஊரில் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தர் வந்தால் அது கௌரவக் குறைச்சல். ஞானையன் மட்டும் இறங்காமல் முன் சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேத்தி ஓடி வருவதைப் பார்த்ததும் அந்த முகம் நிற்கவில்லை. இறங்கி வந்து அவளைத் தூக்கி உச்சி முகர்ந்தார். பிறகு மகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. ஆறு வருஷமாக எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது என்றே நினைத்தார். "அவன் எங்கட்டி?" என்று கேட்டார்.

"கையில இருக்காருப்பா" என்றாள் ஜெஸ்பின்.

ஞானையன் அவளுடைய தோளிலிருந்து தொடங்கி, நடைபாதை வழியாக, திறந்த கதவு வழியாக, உள்ளே கண்ணுக்கு எட்டாத தூரம்வரை அந்தக் கையைப் பார்த்தார். ஆனாலும் வீம்பு லேசில் போகுமா? திரும்பிப் போய் வேனில் சாய்ந்து நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த முனையில் ரோமெல் அவள் கையை இரண்டு தடவை அழுத்தினார். முத்திரை விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் நீண்ட கை தானாகச் சுருங்கவில்லை. தளர்ந்து, தூண்களைச் சுற்றி, தரையில் கிடந்தது. கீழே இறங்கி, நாலு பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ரோமெல் நடக்கப் பார்த்தால் அது அவர் காலையே சுற்றியது. அப்போது குவைத்திலிருந்து வருகிற மகனுக்காக வெளியே வாசலில் நின்றவர் கடியப்பட்டணம் கிளீட்டஸ். வாழ்நாள் பூராவும் கரமடி இழுத்தவர். கடலில் வளைத்துப் போட்ட வலையின் கயிற்றை ஊரே கரையில் நின்று சேர்ந்து இழுக்குமே, அந்த வேலை. ஒரு நீளம் தளர்ந்து கிடக்கிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியாது. இழுக்கட்டுமா பிள்ளே என்று கேட்டார். பைய இழுங்க என்றாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். தங்கச்சி குடும்பத்துக்காகக் காத்து நின்ற தேங்காய்ப்பட்டணம் சலாஹுதீன் அவருக்குப் பின்னால் பிடித்தார். பூச்செண்டோடு நின்றவர்கள் செண்டைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தார்கள். ஜெஸ்பினுக்கு வலிப்பதற்குப் பதில் கூசியது. கூசக் கூசச் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படி அவள் சிரித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

கரமடிக்கு ஒரு நியாயம் உண்டு. கயிற்றில் கை வைத்தவனுக்குப் பங்கு. வழியே போனவன் ஆனாலும் சரி, வேதம் மாறினவன் ஆனாலும் சரி, இழுத்தால் அவனுக்கும் மீன் உண்டு. கிளீட்டஸ் பழக்கதோஷத்தில் இழுத்துக்கொண்டே அதைச் சொன்னார். "வாறதுல எங்களுக்கும் பங்கு உண்டு, பாத்துக்கிடுங்க." வேனில் சாய்ந்து நின்ற ஞானையன் காதில் அது விழுந்தது. கடைக்காரருக்குப் பங்கு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். தன் மகளைக் கட்டினவன் கடியப்பட்டணத்துக்குக் கொஞ்சம், தேங்காய்ப்பட்டணத்துக்குக் கொஞ்சம் என்று போய்க்கொண்டிருக்கிறான், பெண் கொடுத்த வீட்டுக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஆறு வருஷம் பொறுத்த மனுஷனுக்கு அது பொறுக்கவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "தள்ளும் ஓய். அது என் மருமவனாக்கும். நான் முன்னால நிக்கியேன்" என்றார். நேசம்மாள் நின்ற இடத்திலேயே ஸ்தோத்திரம் சொன்னாள். வாசலில் காவலுக்கு நின்றவர், படிவரை நிற்கலாம், அதற்குமேல் ஒரு விரல்கூட உள்ளே வரக் கூடாது என்றார். ஞானையன் விரல்களை உள்ளே போகாதபடி மடக்கி வைத்துக்கொண்டு இழுத்தார்.

நாலு பெட்டிக்கு மேலே உட்கார்ந்தபடி, தள்ளுவண்டியோடு ரோமெல் வழுக்கிக்கொண்டு வந்தார். ஜெஸ்பினின் கை தன் அளவுக்கு வந்து சேர்ந்தது. முழங்கை முத்திரையும் கூடவே சுருங்கி மச்சம் மாதிரி ஆனது. ரோமெல் இறங்கி நேரே ஞானையனிடம் போனார். அவருடைய ஊரில் பெரியவர்களைக் கண்டால் அவர்களுடைய புறங்கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வதுதான் மரியாதை. அதைச் செய்தார். நம்ம ஊரில் நெற்றியில் கையை எடுத்து வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஞானையன் திடுக்கிட்டு, கையைத் திருப்பி உள்ளங்கையாலும் தொட்டுப் பார்த்தார். அலைச்சலும் பதற்றமும் சேர்ந்து நெற்றி சுட்டது. "காயுதே மக்கா" என்றார். ஆறு வருஷத்துக்கும் சேர்த்து மருமகனிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது. நேசம்மாளைக் கூப்பிட்டு பிளாஸ்கில் இருந்த சுக்குக் காப்பியை ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். ரோமெல் நர்ஸ், தனக்குக் காய்ச்சல் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் குடித்தார். அப்பாவின் கை அவர் நெற்றியிலேயே இருப்பதைப் பார்த்தாள் ஜெஸ்பின். விளக்கம் சொல்ல வந்தவள் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

பங்கு என்றால் பங்குதான், பேச்சு மாறக் கூடாது. ஒரு நாள் ரோமெல் கடியப்பட்டணம் போனார். மரச்சீனிக் கிழங்கும் மீனும் வைத்தார்கள். எங்கள் ஊரிலும் மரச்சீனி உண்டு என்று அவர் சொன்னதும், இவ்வளவு நாள் அதைச் சொல்லாமல் வெளிநாட்டுக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தீரா என்று கிளீட்டஸ் கோபித்துக்கொண்டார். இன்னொரு நாள் தேங்காய்ப்பட்டணம். இரண்டு நாளும் ஞானையன் கூடவே போய், மருமகனைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கூட்டிவந்தார். வீட்டில் காலையும் ராத்திரியும் ரோமெல் அவர் கையை எடுத்து நெற்றியில் வைப்பார். உடனே சுக்குக் காப்பி வரும். ஒரு நாள் சிந்தியா பொறுக்க மாட்டாமல், தாத்தா, அது காய்ச்சல் இல்லை, வணக்கம் என்றாள். அது தெரிஞ்சு ஒரு வாரமாச்சு மக்களே என்றார் ஞானையன், கையை எடுக்காமல்.

லீவு முடிந்தது. டிக்கெட் உள்ளவர்கள் மட்டும் உள்ளே போகலாம் என்ற வாசலில் ஜெஸ்பின் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதாள், சிந்தியா முத்தம் கொடுத்தாள், ரோமெல் அவர் வலது கையை எடுத்து நெற்றியில் ஒற்றினார். ஒற்றின கையை ஞானையன் எடுக்கவில்லை. மறந்தாரா, மனசு வரவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் உள்ளே போனார்கள், கை நீண்டது. இவர் வேனில் ஏறி, வலது கையை ஜன்னல் வழியாக வெளியே விட்டபடி ஊர் வந்து சேர்ந்தார். விமானம் கடல் தாண்டிப் போய் இறங்கிவிட்டது என்பதை நேசம்மாளுக்குப் போன் வருமுன்னே, கையில் இரண்டு தடவை அழுத்தம் தெரிந்து அவர்தான் சொன்னார்.

இப்போது அந்தக் கை கீரிப்பாறை மலைக்கு மேலே மேற்கே பார்த்துப் போகிறது. எஸ்டேட் பஸ் அந்த வளைவில் கொஞ்சம் மெதுவாக வரும். ரப்பர் வெட்டப் போகிறவர்கள் தலையைக் குனிந்து போகிறார்கள். அதில் துணி காயப்போடக் கூடாது என்று மட்டும் நேசம்மாள் சொல்லியிருக்கிறாள். கடையில் ஞானையன் இடது கையாலேயே நிறுக்கிறார், எடுத்துத் தருகிறார். பொட்டலம் கட்டத்தான் இரண்டு கை வேண்டும். "ஒரு கை மருமவன்கிட்ட இருக்கு, நீயே கட்டிக்கோ மக்கா" என்பார். வாங்க வருகிறவர்கள் கட்டிக்கொண்டு போகிறார்கள்.