இடப்பக்கம் நிற்கிறவள்

பேய், பிசாசு என்று யாராவது ஸ்டுடியோவுக்குள் வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மண்ணூரில் இத்தனை வருஷமாகப் படம் எடுக்கிறேன். எதிரே உட்கார்ந்த ஆளைத் தவிர வேறு யாரும் என் கேமராவில் விழுந்தது கிடையாது.

இசக்கி வந்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை, பக்கத்துத் தெரு ஹாஸ்டலில் தங்கல். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்திருந்தாள். கழுத்தில் ஐடி கார்டு தொங்கியது.

“யக்கா, இதுல ஒரு ஆளு நிக்கா. தெரியுதா?”

போனை நீட்டினாள். எல்லாம் அந்தி நேரத்து செல்ஃபி. பஸ் ஸ்டாப், ஹாஸ்டல் வாசல், டீக்கடை. ஒவ்வொன்றிலும் அவளுக்கு இடப்பக்கம், விளக்கிலிருந்து தரைவரை, வெள்ளையாக ஒரு உருவம். ஒரு பெண்ணின் உயரம்.

“அது கனிஷ்கா, யக்கா. எங்கூட ஒரே ரூம்ல இருந்தா. அன்னைக்கு எங்களுக்குள்ள சண்ட. காலைல அவள எழுப்பாம நான் மட்டும் கிளம்பி பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன். பிந்திப்போச்சுன்னு ஓடிவந்து ரோட்ட தாண்டுனா, லாரி...” ஐடி கார்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். “அதுலேருந்துதான் இப்படி நிக்கா. எம்மேல கோவமா இருக்காளாக்கா? அத மட்டும் சொல்லுங்க.”

“இன்னாம்மா நீ, பயத்துல கண்டதையும் பேசிக்கினு. வா வெளிய.”

தெருவிளக்குக்கு முதுகைக் காட்டி இருவரும் நின்றோம். போனைத் தூக்கினேன். திரையில் எங்கள் பக்கத்தில் அது வந்து நின்றது. திரும்பி விளக்கைப் பார்த்து நின்றோம்; போய்விட்டது. மறுபடி பழைய இடத்தில் நின்று, லென்ஸுக்கு மேலே கையால் நிழல் கட்டினேன், மங்கியது.

“பாத்தியா? விளக்கு வெளிச்சம் நேரா லென்ஸுல அடிக்குது. கண்ணாடில ஏதோ அழுக்கு கீது, அதுல பட்டு வெளிச்சம் சிதறுது. இதுக்கு ஃபிளேர்னு பேரு. அவ்ளோதான்.”

அத்தோடு விட்டிருக்கலாம். இன்னும் நன்றாக நிரூபிக்கிறேன் பேர்வழி என்று போனைப் படுக்கைவாட்டில் திருப்பினேன். உருவமும் படுத்துக்கொண்டது. இசக்கி வீலென்று கத்திவிட்டாள்.

“அப்படித்தான்க்கா கெடந்தா, ரோட்டுல.”

அவசரமாக உள்ளே போய், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸைத் துடைத்தேன். பிசுபிசுவென்று பசை வந்தது. உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று கம்பெனி கேட்டில் போனின் முன்பக்க, பின்பக்கக் கேமரா மேல் ஒட்டுவார்களே, அந்த ஸ்டிக்கரின் பசை. மறுபடி எடுத்தோம். படத்தில் நானும் அவளும் மட்டும்.

“பசைம்மா. ஸ்டிக்கரப் பிச்சிட்டு சும்மா வுட்டுட்டிருக்க.” சொன்ன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. “ஆமா, ஸ்டிக்கர் தினமும்தானே ஒட்றாங்க? முன்னாடி ஏன் இப்டி வரல?”

இசக்கி அந்தச் சுத்தமான படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முன்ன அவதான் பிய்ப்பா. பஸ்ல ஏறுனதும் எம்போன வாங்கி நகத்தால பிச்சு, துப்பட்டாவால நல்லாத் தொடச்சுத்தான் கையில தருவா.”

லென்ஸ் துடைக்கிற துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தினமும் துடைத்துக்கொள் என்றேன். அதை மடித்து மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனி பஸ் வந்தது. இசக்கி இறங்கினாள். ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டாள், துடைக்கவில்லை. விளக்குக்கு முதுகைக் காட்டி நின்று போனைத் தூக்கினாள். பிறகு வலப்பக்கமாக ஒரு எட்டு நகர்ந்து, இன்னொருத்தி நிற்க இடம் விட்டாள்.